மெய்யெழுத்து

உத்ரெக்ட். மூன்றாவது மாடி, ஜன்னல் இல்லாத அறை.
யாக்கோமினா வருகிறாள்,
யெர்செக்கே துறையில் மட்டிச்சிப்பி விற்றவள், வயது அறுபத்துமூன்று.
கறுப்புத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறாள்.
அவள் தலையில் நான் வேறொரு தொப்பியை மாட்டுகிறேன்:
அறுபத்துநான்கு துளை,
ஒவ்வொன்றிலும் நரைமுடியை விலக்கிக் குளிர்ந்த பசை.
"ஞானஸ்நானத்தில்கூட இவ்வளவு நனையவில்லை."

திரையில் ஒரு புள்ளி சுற்றும்.
விரும்பும்போது பொத்தானை அழுத்த வேண்டும்.
திட்டமிடக் கூடாது, எண்ணிக்கொண்டு அழுத்தக் கூடாது,
விருப்பம் தானாக எழ வேண்டும்.
எழுந்த கணத்தில் புள்ளி எங்கிருந்தது என்று சொல்ல வேண்டும்.
நாற்பது முறை.

ஐந்து நிமிடம் போயிற்று.
பன்னிரண்டாவது நிமிடத்தில்
கண்ணாடிக்கு அப்பாலிருந்து டாக்டர் ஸீட்ஸ்கே,
"பொத்தான் பழுதா?"
"பொத்தானுக்கு ஒன்றுமில்லை.
நீங்கள் சொன்னதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.
இன்னும் எழவில்லை."

தண்ணீர் கொடுக்கப் போனபோது சொன்னாள்.
அவர்கள் சபையில் வருடத்துக்கு நாலு தடவை
வெள்ளைத் துணி விரித்து இராப்போஜன மேசை போடுவார்கள்.
எண்ணூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.
எழுந்து போவது பதினொரு பேர்,
உலகம் உண்டாகும் முன்பே தங்கள் பெயர் எழுதியாயிற்று என்று
உள்ளுக்குள் உறுதி கிடைத்தவர்கள்.
மீதிப் பேர் ரொட்டி கைமாறுவதைப் பார்த்தபடி
பெப்பர்மின்ட் சப்புவார்கள்.
நாற்பத்துநாலு வருடம் சப்பியிருக்கிறாள்.
"யாரும் தடுக்கவில்லை. எழுந்து போகலாம்தான்.
நானாகப் போனால் அது நான் போனது.
கூப்பிட்டுப் போனால்தானே கிருபை?"

கொதித்த பானையில் வாய் திறக்காத சிப்பியை
எறிந்துவிடுவோம், என்றாள்.
திறந்ததைப் பிடித்து
நீயாகத் திறந்தாயா என்று யார் கேட்டார்கள்?

நான் இதை எழுதுகிற மொழியில்
விரல் அசைந்தது என்றால் யார்மீதும் வழக்கில்லை.
அசைத்தேன் என்றால் மாட்டிக்கொண்டேன்.
நடுவில் ஒரே ஒரு மெய்.
மூக்கு வழியாக நழுவும் ந்,
பல்லில் இடித்து நிற்கும் த்.
பதினேழு பேர் சம்பளமும், பெயர் நீளமான ஓர் இயந்திரமும்
ஒன்று இன்னொன்றாக மாறும் இடத்தைத்தான்
இத்தனை வருடமாகத் தேடுகின்றன.

முப்பத்தொன்றாவது நிமிடத்தில் அழுத்தினாள்.
ஒரே முறை.
"புள்ளியைப் பார்க்க மறந்துவிட்டேன்."

தலையைக் கழுவிவிடும்போது, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்:
அழுத்தினது நானா?
தெரியாது, என்றேன்.
சிரித்தாள். "எங்கள் போதகரும் இதையேதான் சொல்வார்.
அவருக்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும்."

கீழே தானியங்கிக் கதவு
அவள் வருமுன்பே விலகி வழிவிட்டது.
நின்றாள். அது மூடும்வரை நின்றாள்.
பிறகு பக்கத்தில் இருந்த கனத்த கதவைத்
தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டு மழைக்குள் போனாள்.

இரவு வரைபடத்தைப் பார்த்தேன்.
அழுத்தலுக்கு அரை விநாடி முன்பு ஏறும் அந்த அலை
இருந்ததுபோலவும் இருந்தது, இரைச்சல்போலவும் இருந்தது.
ஒன்றை வைத்துச் சொல்ல முடியாது.
நாற்பதைக் கூட்டினால்தான் உருவம் தெரியும்.
ஆனால் அதற்கு முந்தைய முப்பது நிமிடம் முழுக்க
ஏறி ஏறி வடிந்திருக்கிறது, அவள் ஊர்க் கடல்போல.
ஒவ்வொரு தடவையும் அவள் வேண்டாம் என்றாளா,
அதுவே வேண்டாம் என்று திரும்பியதா?

ஒற்றை அழுத்தலால் ஆய்வுக்குப் பயனில்லை.
அவள் எண்ணுக்கு நேரே ஒரு கட்டம்: விலக்கப்பட்டவர்.
தொட்டால் பதிவு போய்விடும்.
கர்சர் இமைத்துக்கொண்டிருந்தது.
விருப்பம் எழட்டும் என்று என் விரலையே பார்த்திருந்தேன்,
அவளளவு பொறுமை எனக்கில்லை.

குறிப்பேட்டில் எழுதினேன்:
பதிவு அழிந்தது.

விளக்கை அணைத்துவிட்டு, மாடிப்படி பாதி இறங்கி,
திரும்ப ஏறி வந்து
ந்-ஐ அடித்தேன்.
பதிவை அழித்தேன்.